கபடிக் களத்தில் இருக்கிறார்கள் ரக்பிப் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரக்பி நல்ல குணத்தை வளர்க்கும் ஆட்டம், ஆனால் ஆடத்தான் ஆள் கிடைப்பதில்லை என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளிகளில் பி.டி. வாத்தியாராக இருந்தவன் நான். ஆள் இல்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தேடுகிற இடம்தான் சரியில்லை.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததும் அல்ல. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள், அடுத்த வருடமே கிளப்பும் தொடங்கினார்கள். ஐந்தாறு வருடம்கூடத் தாங்கவில்லை. ஆடியவர்கள் போலோவுக்கும் டென்னிசுக்கும் போய்விட்டார்கள். கிளப்பைக் கலைத்தபோது அதன் கணக்கில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை மோதுகின்றன. அன்று கிளப்புக்குள்ளேயே ஆள் தேடினார்கள். இன்றும் பெரிய நகரத்துக் கிளப்புகளையும் கட்டணம் வாங்கும் பள்ளிகளையும் தாண்டி நாம் அதிகம் போகவில்லை.

தாண்டிப் போனவர்களுக்குக் கிடைத்ததைப் பாருங்கள். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அந்தப் பள்ளிப் பையன்கள் 2007இல் லண்டனுக்குப் போய், பதினான்கு வயதுக்குட்பட்டோர் பன்னாட்டுப் பள்ளிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்க அணியைத் தோற்கடித்தார்கள். சில மாதப் பயிற்சிதான் அவர்களுக்கு. அதே பள்ளியில் வளர்ந்த சுமித்ரா நாயக் 2019இல் மணிலாவில் சிங்கப்பூருக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அடித்த பெனால்டி கிக்கில்தான், பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் வெற்றியைப் பெற்றது. தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டு உலகக் கோப்பைகள் வாங்கித் தந்த கேப்டன் சியா கொலிசி, ஸ்வீடே என்கிற ஏழைக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். மாகாணத் தேர்வுக்குக் கால்சட்டை இல்லாமல் உள்ளாடையோடு ஓடிய பையன். அந்தக் கோலத்தைப் பார்க்காமல் ஓட்டத்தைப் பார்த்தார்கள்.

நம் ஊரில் யாரைப் பார்ப்பது? கபடிக் களத்துக்குப் போனால் போதும். திண்டுக்கல், தேனிப் பக்கம் பத்து வயதுப் பையன் தொடைப்பிடி போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? தலையை ஒதுக்கி, தோளைக் கொடுத்து, இரண்டு கையாலும் வளைத்துப் பிடிக்கிறான். ரக்பியில் டேக்கிள் என்று மாதக்கணக்கில் சொல்லித் தருவது கிட்டத்தட்ட இதைத்தான். மோதலுக்கு அஞ்சாத மனசு அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. முட்டை வடிவப் பந்தைப் பின்பக்கமாகக் கைமாற்றப் பழக்கினால் சரி.

குணம் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆட வந்தால் நல்லவனாவாய் என்று சொல்லி எந்தப் பிள்ளையையும் மைதானத்துக்கு இழுக்க முடியாது. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வகுப்பில் அடங்காதவர்கள்தான். ரக்பியின் சிறப்பு அதன் விதிகளிலேயே இருக்கிறது. பந்தைக் கையால் முன்னே தள்ளிவிட முடியாது. பின்னால் வருகிறவனை நம்பித்தான் கொடுத்தாக வேண்டும். தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் நடுவரிடம் பேசுகிற உரிமை கேப்டனுக்கு மட்டும்தான். எதிர்த்து முணுமுணுத்தால் அந்த இடத்திலிருந்தே பத்து மீட்டர் பறிபோகும். ஒருவன் வாய்த்துடுக்கு பதினைந்து பேரையும் பின்னுக்குத் தள்ளுகிறது என்று புரிந்த பையனுக்கு நான் தனியாக அறிவுரை சொல்ல வேண்டியிருக்காது. ஆள் எடுக்கும்போது நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். விழுந்தவன் எழுந்து மறுபடி தன் இடத்துக்கு ஓடுகிறானா என்பதை மட்டும் பாருங்கள்.

என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நல்ல கனம். கபடியில் எடை வரம்பைத் தாண்டிவிட்டான், கிரிக்கெட்டில் சேர்க்க மாட்டார்கள், வாலிபால் நெட்டுக்குக் கீழே நின்று பந்து பொறுக்கிப் போடுவான். சென்னையில் ரக்பி ஆடிய பழைய மாணவர் ஒருவர் ஒருநாள் பந்தோடு வந்தார். "இவனை மாதிரி ஆளைத்தான் சார் ஸ்க்ரம்மில் முதல் வரிசையில் நிறுத்துவோம்" என்றார். இரண்டு அணியும் வரிசை கட்டித் தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுவதுதான் ஸ்க்ரம். அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒல்லி, குட்டை, நெட்டை, குண்டு என்று எல்லா உடம்புக்கும் இடம் இருக்கிற ஆட்டம் இது. இதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், வருவார்கள். அவன் தொடர்ந்து ஆடவில்லை. அந்தப் பழைய மாணவர் மூன்று மாதத்தில் வேலைக்காக வெளியூர் போனார், எனக்கு ஆட்டம் சொல்லித்தரத் தெரியாது. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை.

பெற்றோர் பயம் நியாயமானது. தலையில் அடிபட்ட சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், மறுபடி இறக்கக் கூடாது என்ற விதி பள்ளி அளவிலும் கறாராக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் தொட்டாலே நிறுத்துகிற டச் ரக்பி போதும். செம்மண் தரையில் அதுதான் நல்லதும்கூட.

2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்றது. அந்த வெற்றியை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் சொன்னோம்? உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ரக்பிப் போட்டியோ ஆள் தேர்வோ நடந்தால், முடிந்த பிறகு முடிவைப் போடுவதோடு நிற்காமல், நாளையும் இடத்தையும் ஒரு வாரம் முன்பே போடுங்கள். ஒரு வேன் பிடித்து இருபது கபடிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்