குழுவைக் குறை சொல்லாதே, கேள்வியை மாற்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வகுப்பில் மாணவர்களைக் குழுவாக உட்கார வைத்தால் ஒருத்தி எழுதுகிறாள், மற்ற மூவரும் செல்போனை நோண்டுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தாய். பிள்ளைகளைத் திட்டுமுன் நீ கொடுத்த வேலையைப் பார். "நியூட்டன் விதிகளைப் பற்றிக் கலந்து பேசுங்கள்" என்றால் அதில் சண்டை போட என்ன இருக்கிறது? விஷயம் தெரிந்தவள் நாலு வரி எழுதிவிடுவாள், கதை முடிந்தது.

முடிவெடுத்தே தீர வேண்டிய கேள்வியாகக் கொடு. மேலே எறிந்த கல் உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் எப்படி? அ) பூஜ்யம், ஆ) மேல்நோக்கி, இ) கீழ்நோக்கி. திசைவேகம் பூஜ்யம், ஆகவே முடுக்கமும் பூஜ்யம் என்று ஒரு கூட்டமே நிற்கும். அந்தத் தப்பு இருப்பதால்தான் பேச்சு சூடு பிடிக்கும். தவறான விடைகளை யோசித்து எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். சும்மா ஒப்புக்கு எழுதினால் தெரிந்துவிடும்.

முதல் ஒன்றரை நிமிடம் வாய் திறக்காமல் ஒவ்வொருவரும் விடையை நோட்டில் குறிக்கட்டும். அவசரத்தில் இதை மட்டும் விட்டுவிடாதே. குறித்து வைக்காதவன் பக்கத்துப் பையன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுப் போவான். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்க வேண்டும். ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் முதல் ஆள் சொன்னதே வகுப்பின் விடையாகிவிடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை இது. சரியான விடை சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பேச விட்டுப் பயனில்லை, திரும்ப நடத்து. 70ஐத் தாண்டினால் இரண்டு வரி விளக்கிவிட்டு நகர்ந்துவிடு. இடையில் இருந்தால் மட்டும், எது சரி என்று சொல்லாமல், வேறு விடை தூக்கியவரோடு மூன்று நிமிடம் பேசச் சொல். பிறகு மறுபடி அட்டை. பேச்சு சினிமா பக்கம் திரும்புமுன் நிறுத்திவிடு.

இதற்கு இரண்டு மூன்று பேர் போதும். செமஸ்டர் முழுக்க ஓடும் குழுவுக்கு ஐந்திலிருந்து ஏழு பேர், அதையும் நீயே பிரி. கூட்டாளிகள் சேர்ந்தால் அரட்டைதான். மதிப்பெண்ணில் ஒரு பங்கு தனித்தேர்வுக்குப் போகாவிட்டால் ஓசியில் சவாரி செய்பவர்கள் கூடிக்கொண்டே போவார்கள்.

போர்ஷன் முடியாதே என்கிறாய். வரையறைகளை வீட்டில் படித்து வரச் சொல். 50 நிமிட வகுப்பில் இப்படி இரண்டு கேள்விக்கு மேல் வைக்காதே. "சார் நடத்துவதே இல்லை" என்ற முணுமுணுப்பும் வரும். 2019இல் வெளியான ஒரு ஹார்வர்டு ஆய்வில், இப்படிப் படித்த மாணவர்கள் அதிகம் கற்றும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். இதை முதல் வாரமே வகுப்பில் சொல்லிவிடு.

அடுத்த வாரத்துக்கான மூன்று கேள்விகளை எழுதி அனுப்பு. தவறான விடைகளோடு சேர்த்து. நான் முதலில் பார்க்கப்போவது அவற்றைத்தான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்