ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கதை எழுதக் கிளம்பும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

அம்மான் எழுதுவது. போனில் பேசினால் ‘உம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் ஊரறிய எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. காரைக்குடியில் பகலெல்லாம் மின்வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டு, இரவெல்லாம் விண்வெளித் தொடருக்குத் திரைக்கதை எழுதும் பையன் வேறு யார் இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

‘அவனுக்குப் புத்தி சொல்’ என்று உன் ஆத்தா என்னிடம் கேட்டுக்கொண்டார். அவர் எனக்கு ஆச்சி, அதாவது அக்கா. ஆச்சி பேச்சை நான் தட்டுவதில்லை. ஆனால் எழுதாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. சென்னையில் மெகா சீரியல்களுக்கு வசனம் எழுதித்தான் குடும்பம் நடத்தினேன். ஆய்வேட்டை முடிக்காமல் போகிறேன் என்கிறாயே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நீ உன் ஆத்தாவிடம் தொலைக்காட்சி எழுத்தாளர் ரொனால்ட் டி. மூரைச் சாட்சிக்கு அழைத்தாயாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தவர். கடைசி ஆண்டில் படிப்பை அப்படியே விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். 1988இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்வெளித் தொடரின் படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தபோது, தான் எழுதிய ஒரு திரைக்கதையைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். எழுத்தாளர் அணியின் தலைவராக வந்த மைக்கேல் பில்லர் அதை வாங்கினார். 1989இல் ஒளிபரப்பானது. பிறகு 2003இல் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வைப் புதிதாக எழுதி எடுத்தார். எல்லாம் உண்மைதான். மறுக்கவில்லை.

என் சாட்சியும் அதே கார்னெலில் அதே மூருடன் பழகியவர்தான். நரேன் சங்கர். இந்திய வம்சாவளி அமெரிக்கர். பெயரைப் பார்த்ததும் நம் பக்கத்துப் பிள்ளை என்று சொந்தம் கொண்டாடக் கிளம்பிவிடாதே, எந்த ஊர் என்று நான் சொல்லவில்லை. பயன்பாட்டு இயற்பியலும் மின்பொறியியலும் படித்து முனைவர் பட்டம் வாங்கினார். வாங்கிய பிறகுதான் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வண்டி ஏறினார். அதே ஸ்டார் ட்ரெக் தொடரில் எழுத்தாளர் சங்கத்தின் பயிற்சி மாணவராக நுழைந்தார். டாக்டர் பட்டத்தோடு பயிற்சி மாணவர்! பிறகு அறிவியல் ஆலோசகர், பிறகு எழுத்தாளர். அடுத்து ‘அவுட்டர் லிமிட்ஸ்’, ‘ஃபார்ஸ்கேப்’. பல ஆண்டுகள் ‘சிஎஸ்ஐ’. கடைசியில் 2015 முதல் 2022 வரை ஆறு சீசன்கள் வந்த ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடருக்குத் தலைமைப் பொறுப்பு.

அந்த ஊர்த் தொலைக்காட்சியில் ஒரு விசித்திரம் உண்டு. நம் ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அங்கே அது எழுத்தாளனுக்குக் கிடைக்கும் பதவி உயர்வு. ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர் என்று படி ஏறி, உச்சியில் எக்சிகியூட்டிவ் புரொட்யூசர். அங்கே போனவன் கதைக்கு மட்டுமின்றி நடிகர் தேர்வு, செட், எடிட்டிங், பட்ஜெட் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். உனக்கு இதைப் புரியவைக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்யப் போன காலத்துக் கடைகளை நினைத்துக்கொள். முதலில் கணக்கு எழுதும் பெட்டியடிப் பையன், பிறகு அடுத்தாள், அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். முதலாளியின் சொந்தப் பிள்ளையே ஆனாலும் பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிப் பழகினால்தான் கடைச்சாவி கைக்கு வரும். சங்கரின் வரிசையைப் பார். பட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியடியில் உட்கார்ந்தார்.

அங்கே அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? ஸ்டார் ட்ரெக் எழுத்தாளர்கள் வசனம் எழுதும்போது அறிவியல் வர வேண்டிய இடத்தில் ‘டெக்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். கேப்டன், எஞ்சினில் ‘டெக்’ பழுதாகிவிட்டது, ‘டெக்’கை ‘டெக்’கில் இணைத்தால் சரியாகும் என்கிற ரீதியில் தாள் வரும். ஆலோசகர் அந்த ஓட்டைகளில் சொல்லை நிரப்பித் தர வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு இதைவிட எரிச்சலான வேலை இருக்காது. சீரியலில் ‘டாக்டர் வசனம், பிறகு நிரப்பிக்கொள்’ என்று எனக்குத் தாள் வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஆனால் அந்த எரிச்சலில் ஒரு பாடம் இருக்கிறது. எந்தச் சொல்லையும் போட்டு நிரப்ப முடிகிற ஓட்டையில் கதை இல்லை. அறிவியல் கதைக்குள் வர வேண்டுமானால், அதைப் பிடுங்கினால் கதை சரிய வேண்டும். 1993இல் சங்கர் எழுதிய ஓர் எபிசோடில், கப்பல்கள் ஒளியை மிஞ்சும் வேகத்தில் ஓடி ஓடி விண்வெளியே கிழிந்துபோகிறது என்று தெரியவருகிறது. உடனே எல்லாக் கப்பல்களுக்கும் வேகக் கட்டுப்பாடு போடுகிறார்கள். துணிச்சலான யோசனை. தொடரின் ஆதாரத்தையே ஆட்டிப் பார்க்கிறது. அப்புறம் என்ன ஆயிற்று? அடுத்து வந்த சில எபிசோடுகளில் ஒரு வரி வசனமாகத் தலைகாட்டியது, பிறகு காணாமல் போனது. வாரம் ஒரு கதை, அடுத்த வாரம் வேறு கதை என்று ஓடுகிற தொடரில் விளைவுக்கு இடம் கிடையாது.

இதற்கு மாறாக ‘எக்ஸ்பான்ஸ்’ முழுக்க முழுக்க விளைவில்தான் நிற்கிறது. கதை அவருடையது அல்ல. டேனியல் ஏப்ரகாம், டை ஃபிராங்க் இருவரும் ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் எழுதிய நாவல்கள். தொடராக உருவாக்கியவர்கள் மார்க் ஃபெர்கஸ், ஹாக் ஆஸ்ட்பி. சங்கர் அதை நடத்தியவர். அதில் கப்பல்களின் தளங்கள் அடுக்குமாடி போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், அடியில் எஞ்சின். எஞ்சின் தள்ளும்போதுதான் காலில் எடை. பயணத்தின் பாதியில் கப்பலைத் திருப்பி, அதே எஞ்சினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சீரிஸ் என்ற குறுங்கோளைச் சுழலவிட்டு அதற்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே மில்லர் என்ற போலீஸ்காரர் கோப்பையில் மதுவை ஊற்றும் இடத்தைப் பார். மது நேராக விழாமல் பக்கவாட்டில் வளைந்து விழும். யாரும் விளக்குவதில்லை, ஒரு வசனமும் இல்லை. சுழலும் இடத்தில் அப்படித்தான் விழும். அந்த ஒரு காட்சியை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று உன் அயித்தையைக் கேள்.

2018இல் மூன்றாவது சீசனோடு அந்தத் தொடரைச் சிஃபி சேனல் கைவிட்டது. ரசிகர்கள் பணம் திரட்டி, அமேசான் அலுவலகத்துக்கு மேல் பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அதே மே மாதத்தில் அமேசான் எடுத்துக்கொண்டது. இதெல்லாம் நம் கையில் இல்லாத சமாச்சாரம்.

நம் கையில் இருப்பது எழுத்தாளர்கள் கூடி உட்கார்ந்து கதை பேசும் அறை. 1992இல் மூரும் சங்கரும் சேர்ந்து ஸ்டார் ட்ரெக்குக்கு ஓர் எபிசோடு எழுதினார்கள். விமானப் பயிற்சி மாணவர்கள் தடைசெய்த சாகசம் ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள், ஒருவன் சாகிறான், மற்றவர்கள் மறைக்கிறார்கள். நண்பர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது மூர் கட்சி, உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது பில்லர் கட்சி. பில்லர் சொன்னபடிதான் முடிந்தது. எனக்கும் பில்லர் கட்சிதான், அது இருக்கட்டும். தன் முடிவை இன்னொருவர் மாற்றினாலும் மறுநாள் அதே மேசைக்கு வந்து உட்கார்கிற தோல் உனக்கு இருக்கிறதா? ஆய்வு வழிகாட்டி உன் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கே நீ இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று ஆச்சி சொன்னார்.

இந்த ஊரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்ற பேச்சையும் விடு. தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டுடியோ இருந்தது, 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கேதான் எடுக்கப்பட்டது. சிறுகூடல்பட்டிப் பஞ்சு அருணாசலம் கண்ணதாசனுக்கு உதவியாளராக இருந்து, பிறகு கதை வசனமும் எழுதிப் படமும் எடுத்தார். நீ போகிற ஆராய்ச்சி நிலையமே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம்.

உன் துறையில் கதை இல்லையா? நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13இல் வெடித்தது, மின்சாரம் தந்த எரிபொருள் கலங்களுக்கும் மூச்சுக்கும் ஆக்சிஜன் கொடுத்த தொட்டி. அந்தத் தொட்டிக்குள் 28 வோல்ட்டுக்குச் செய்த சுவிட்சில், ஏவுதளத்துச் சோதனையின்போது 65 வோல்ட் பாய்ந்ததில் தொடங்கியது வினை. செவ்வாயில் நாசா அனுப்பிய கருவி, கார்பன் டை ஆக்சைடை மின்பகுப்பால் பிளந்து மொத்தமாக 122 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. ஒரு மனிதன் சில மணி நேரம் மூச்சுவிடக் காணும். இந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு குடியிருப்பையே பதற வைக்கலாம். நீ அனுப்பிய கதையில் வில்லன் கண்ணிலிருந்து நீல ஒளி வருகிறது. எதற்கு என்று இன்னமும் விளங்கவில்லை.

ஆகவே ஒன்று செய். நிலவில் ஒரு குடியிருப்பு. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் தருகிற கலத்தில் மின்முனை அரித்துக்கொண்டு வருகிறது. அளவுகளைப் பார்த்துக்கொள்பவள் ஒருத்திக்கு மட்டும் அது தெரியும். சொன்னால் யாருடைய வேலை போகும், சொல்லாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கை நீ போடு. எனக்குத் தெரியாத கணக்கு அது. வசனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் எபிசோடைப் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வரும்போது கொண்டு வா. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ரசீதையும் சேர்த்துக் கொண்டு வா. அது இருந்தால்தான் சென்னையில் எனக்குத் தெரிந்த இடங்களுக்கு உன்னை அழைத்துப் போவேன்.

இப்படிக்கு,
உன் அம்மான்