சுழிக்கு மூச்சு விட இடம்

கும்பகோணம்,
ஐப்பசி அடைமழை

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் உன் மகள் அனுப்பிய படமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இங்கே நான்கு நாட்களாக மழை விடவில்லை. சம்பா நட்ட வயலில் தண்ணீர் ஏறி நிற்கிறது. அண்ணன் வடிகாலை வெட்டிவிட்டு வந்து இப்போதுதான் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். மின்சாரம் போவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

மகளும் தோழிகள் இருவரும் 64 கே டெமோ செய்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஓடும்போதே படத்தையும் இசையையும் உருவாக்கிக் காட்டும் சிறு கணினி நிரல் அது. படம், இசை, அசைவு எல்லாமே 65,536 பைட்டுக்குள் அடங்க வேண்டும். அதன் முகப்பில் ‘காவிரி’ என்ற பெயர் முப்பரிமாணத்தில் திரும்ப வேண்டும் என்கிறாள். பெயரிலிருந்து தொடங்கியது சரியான தொடக்கம். அந்தக் கலையே பெயரிலிருந்து வந்ததுதானே. 1980-களில் கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கான விளையாட்டுகளின் நகல் பூட்டை உடைத்த இளைஞர்கள் முகப்பில் தங்கள் குழுவின் பெயரை ஓட விட்டார்கள். நாளடைவில் விளையாட்டு ஒதுங்கிக்கொண்டது, முகப்பு தனிக் கலையாக நின்றது. 1993-இல் பின்லாந்தின் அசெம்பிளி விழாவில் ஃபியூச்சர் க்ரூ குழு வெளியிட்ட ‘செகண்ட் ரியாலிட்டி’யை நான் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். அன்று இரவு தூங்கவில்லை. 2020-இல் அந்த நாடு டெமோ கலையைத் தன் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மகளிடம் இதைச் சொல். வேலைக்கு உதவாத பொழுதுபோக்கு என்று யாரும் அவளைத் தடுக்கக் கூடாது.

இனி அவள் படத்தைப் பற்றி. உழைப்பு தெரிகிறது, ஆனால் எழுத்து தெரியவில்லை. எழுத்துருவின் வெளிக்கோட்டை எடுத்துப் பின்பக்கமாக நீட்டி, விளிம்பைச் சரிவாகச் செதுக்கியிருக்கிறாள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான். அந்தச் சரிவு வெளிப்பக்கமாகப் பருத்துவிட்டது. அதனால் ககரத்தின் இடப்பக்கச் சுழி ஊசித் துளையாகிவிட்டது, வகரத்தின் சுழி மூடியே போய்விட்டது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பலவற்றில் அடைபட ஓட்டையே கிடையாது. நம் எழுத்துக்குச் சுழிதான் உயிர். சரிவை உட்பக்கமாக வாங்கச் சொல். இன்னொன்று, முகமும் பக்கமும் சேரும் விளிம்பில் நார்மல்களை, அதாவது பரப்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்று ஒளிக்குச் சொல்லும் திசைகளை, பிரிக்காமல் விட்டிருக்கிறாள். தகட்டைப் போலப் பளிச்சென்று மடிய வேண்டிய இடம் சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடப்பதற்கு அதுவே காரணம்.

படத்தை நம் ஓவியரிடம் காட்டினேன். ஆமாம், மகாமகக் குளத்தருகே கோடை விடுமுறைகளில் நமக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரிடமேதான். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு பட்டறையை மூடிவிட்டார். கண் மங்கிவிட்டது, கை மட்டும் நடுங்கவில்லை. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, ஈர விரலால் திரைமேல் ககரத்தை எழுதிப் பார்த்தார். மேல்கோடு, கீழிறங்கும் கோடு, பிறகு சுழி. அந்த இடத்தில் விரல் நின்றது. “சுழிக்கு மூச்சு விட இடம் கொடு. கோட்டை மெலியப் போடு, கனத்தைப் பக்கத்தில் காட்டு” என்றார். உனக்கு நினைவிருக்கும், கடைப் பலகையில் எழுத்தின் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கருநீலத்தில் கனம் தீட்டுவார். ஒரு பலகையில் ஓர் எழுத்துக்கு நிழல் இந்தப் பக்கமும் அடுத்ததற்கு அந்தப் பக்கமும் விழுந்துவிட்டால், காய்ந்த எனாமலையும் சுரண்டிவிட்டு மறுபடி எழுத வைப்பார்.

அவர் விரல் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது. எழுத்தை அவர் வெட்டவில்லை, இழுத்தார். ஓலையில் எழுத்தாணி போனதும் அப்படித்தான். எழுத்துருவின் வெளிக்கோடு அந்த இழுப்பின் இரண்டு கரை மட்டுமே. கரையை விட்டுவிட்டு ஓட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொல் மகளிடம்.

செய்முறை இது. முப்பரிமாண வெளியில் எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும், அங்கிருந்து எழுத்துக் கோடு எவ்வளவு தூரம் என்று சொல்லும் ஒரு சார்பை எழுத வேண்டும். நேர்கோட்டுக்கு ஒரு சூத்திரம், வட்டவில்லுக்கு ஒரு சூத்திரம். இரண்டின் விடைகளில் சிறியதை எடுத்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கோட்டின் தடிமன் என்பது அந்தத் தூரத்திலிருந்து கழிக்கும் ஓர் எண் மட்டுமே. திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை விட்டு, சார்பு சொல்லும் தூரம் மட்டும் முன்னேறி, மறுபடி கேட்டு, மறுபடி முன்னேறினால் கதிர் எழுத்தைத் தொட்டுவிடும். ஜான் ஹார்ட் 1996-இல் விரிவாக எழுதிய முறை. வழக்கமாக உருவத்தைக் கட்டும் முக்கோணங்களே வேண்டாம். வளைவு எவ்வளவு அருகில் வந்தாலும் உடையாது. நம் எழுத்தின் உருண்டைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

‘காவிரி’யைப் பிரித்துப் பார்த்தேன். க, துணைக்கால், வ, மேல்விலங்கு, ர, மறுபடி மேல்விலங்கு. ஆறு உருவங்கள். மேல்விலங்கு இரண்டு இடத்திலும் ஒன்றே. ‘ரி’ என்று அச்சிடும்போது பல எழுத்துருக்களில் ரகரத்தின் கீழ்க்கீற்று விடுபட்டுத் துணைக்காலின் வடிவமே மிஞ்சுகிறது. ஆகவே நான்கு உருவங்களைச் சேமித்தால் போதும். பைட் பைட்டாக எண்ணிச் செலவழிக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே வரமாக வந்திருக்கிறது! ஒற்றைக்கொம்பு இல்லாததும் நல்லதாயிற்று. யூனிகோடில் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் பதிவாகிறது, அதை முன்னால் கொண்டுவந்து காட்டத் தெரியாத முப்பரிமாணக் கருவிகளோடு நான் பட்ட பாட்டை நீ அறிவாய்.

கோடுகள் சேரும் இடத்தைக் கொஞ்சம் இளக்கிவிடவும் வழி இருக்கிறது. சிறியதைச் சட்டென்று எடுக்காமல், ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல வழுக்கிப் போகச் செய்வது. சுவாமிமலையில் மெழுகுத் துண்டுகளைச் சூடுகாட்டி ஒட்டி, சந்து தெரியாமல் வழித்துவிடுவார்களே, காவிரி வண்டலைப் பூசுவதற்கு முன், அதே மாதிரி. ஒரு வரம்பு உண்டு. இளக்கும் அளவைக் கூட்டினால் சுழி மறுபடி மூடிக்கொள்ளும்.

ஒளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடியாது. சதயத்தன்று தஞ்சைக்குப் போயிருந்தேன். மழை சற்று விட்டிருந்தது. பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை நடுப்பகலில் பார்த்தபோது கல்லும் எழுத்தும் ஒரே நிறமாகக் கிடந்தன. சாயங்காலம் மேற்கு வெயில் பக்கவாட்டில் விழுந்ததும், உளி இறங்கிய பள்ளங்களின் ஒரு கரை கறுத்து, மறு கரை பொன்னாகி, ஒவ்வோர் எழுத்தும் எழுந்து நின்றது. ஓர் அகரத்தில் என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன். ஆயிரம் ஆண்டு கழிந்தும் விளிம்பு கூராக இருக்கிறது. மகள் விளக்கை நேர் எதிரே வைத்திருக்கிறாள். பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் மேலிருந்து, தாழ்ந்த கோணத்தில் அடிக்கட்டும். மற்ற எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலும் படம் வேறாகிவிடும்.

முழுச் சுற்றும் வேண்டாம். பாதிச் சுற்றில் எழுத்து கண்ணாடி பிம்பமாகிவிடுகிறது, கால் சுற்றில் வெறும் பட்டையாகிவிடுகிறது. இந்தப் பக்கம் முப்பது பாகை, அந்தப் பக்கம் முப்பது பாகை, தேர் வடம் பிடித்ததும் அசைவதைப் போல மெதுவாக. கோட்டின் தடிமனில் பாதி ஆழம் போதும் என்பது என் கணக்கு. அவள் கூட்டிக் குறைத்துப் பார்த்துத் தானே முடிவு செய்யட்டும்.

நான்கு உருவங்களுக்கான சூத்திரங்களை எழுதி இதோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன். வகரத்தின் சுழியில் மட்டும் எனக்கு நிறைவில்லை. இரண்டு வில்கள் சேரும் இடத்தில் ஒரு சின்ன முண்டு தெரிகிறது. அவள் சரிசெய்தால் எனக்கும் அனுப்பச் சொல்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வந்துவிடு. ஓவியர் உன்னைக் கேட்டார். வரும்போது அணில் முடித் தூரிகை இரண்டு, ஒன்று பட்டை, ஒன்று கூர்முனை, வாங்கி வரச் சொன்னார். மகளுக்கு ‘காவிரி’யைப் பலகையில் ஒருமுறை எழுதிக் காட்ட வேண்டுமாம்.

உன் அன்பு நண்பன்