காட்ஸில்லாவின் புதிய படம் வெட்டப்படாமல் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் தோஹோ நிறுவனம் தயாரிக்கும் 'காட்ஸில்லா மைனஸ் ஸீரோ' 2026 நவம்பர் 3-ஆம் தேதி அந்நாட்டில் திரைக்கு வரவிருக்கிறது. 1954-இல் முதல் காட்ஸில்லா படம் வெளியானதும் இதே நவம்பர் 3-ஆம் தேதிதான். எழுபது ஆண்டுகளைக் கடந்தும் ஓயாத இத்தொடரின் அடுத்த படத்தை ஆவலோடு எதிர்பார்த்திருப்பவர்களில் நானும் ஒருவன். அந்த ஆவலுக்கான காரணத்தையும், படத்தை இங்கே வெளியிட முன்வரக்கூடியவர்களுக்கு ஒரு வேண்டுகோளையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் அறிந்த காட்ஸில்லா, வானளாவிய கட்டடங்களை நொறுக்கிக்கொண்டு கிங்காங்குடன் மோதும் ஹாலிவுட் விலங்குதான். அதன் பிறப்போ வேறு. 1954 மார்ச் 1-ஆம் தேதி பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தபோது, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'டைகோ ஃபுகுர்யூ மாரு' என்ற ஜப்பானியப் படகின் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றுக் கரை திரும்பினர். அவர்களில் வானொலிக் கருவியை இயக்கிவந்த ஐக்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ஆம் தேதி இறந்தார். அந்தத் துக்கம் ஆறு வாரம்கூடப் பழையதாகாத நிலையில், கடலில் திடீரென வெடிக்கும் ஒளியில் ஒரு சிறு கப்பல் மூழ்குவதோடு தொடங்கும் படத்தைப் பார்க்க ஜப்பானிய மக்கள் திரையரங்குகளில் அமர்ந்தார்கள். இயக்குநர் இஷிரோ ஹோண்டா, சீனப் போர்முனையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைத் தம் கண்ணால் பார்த்தவர். திரையரங்கில் இருந்தவர்கள் எதைப் பார்த்து நடுங்கினார்கள் என்பதை யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படத்தில் ஒரு ரயில் காட்சி உண்டு. சக பயணிகளுடன் பேசிக்கொண்டு வரும் இளம்பெண் ஒருத்தி, நாகசாகியிலிருந்து எப்படியோ உயிர் தப்பி வந்த தனக்கு இப்போது இதுவும் சேர்ந்துகொண்டதே என்று அலுத்துக்கொள்கிறாள். சில விநாடிகளில் கடந்துபோகும் பேச்சுதான். ஆனால் படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1956-இல் அமெரிக்காவில் வெளியான பதிப்பில் அந்தப் பேச்சு இல்லை. 96 நிமிடப் படம் 80 நிமிடமாகச் சுருக்கப்பட்டு, ரேமண்ட் பர் நடித்த அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரம் புதிதாகப் படமாக்கிச் செருகப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தது அந்தப் பதிப்பைத்தான். அமெரிக்கத் திரையரங்குகளில் மூலப்படம் பரவலாகத் திரையிடப்பட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக் காலம் ஒரு கலைப்படைப்பை அதன் மனசாட்சி நீக்கப்பட்ட வடிவிலேயே மக்கள் பார்த்துவந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

2023-இல் வந்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' அந்த மூல வலிக்கே திரும்பிச் சென்றது. போரில் தோற்று, ராணுவமும் கலைக்கப்பட்டு, சாம்பலில் கிடக்கும் ஜப்பானில் கதையை அமைத்தார் இயக்குநர் தகாஷி யமஸாகி. தற்கொலைப் படை விமானியாக அனுப்பப்பட்டும் சாக மனமின்றித் திரும்பி வந்த ஷிகிஷிமாவை அண்டை வீட்டுப் பெண் பழிக்கிறாள். அவனோ தன்னைத்தானே அதைவிடக் கடுமையாகப் பழித்துக்கொள்கிறான். கின்ஸா கடைவீதியில் காட்ஸில்லா வெப்பக் கதிரை உமிழும் இடத்தை மறக்க முடியாது. ஒளி பாய்கிறது, பின்னாலேயே வரும் காற்று தெருவை அப்படியே வாரிக்கொண்டு போகிறது, ஷிகிஷிமாவோடு வாழ்ந்துவரும் நொரிகோ அவனை ஒரு சந்துக்குள் தள்ளிவிட்டுத் தான் அடித்துச் செல்லப்படுகிறாள், காளான் மேகம் எழுந்து நிற்க, கதறி அழும் அவன் மேல் கருப்பு மழை பொழிகிறது. அணுகுண்டு விழுந்தபின் ஹிரோஷிமாவில் பெய்த மழை அது. இப்படத்தின் 610 வரைகலைக் காட்சிகளை 35 கலைஞர்களே உருவாக்கினார்கள் என்பதும், 2024-இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் விருதை ஜப்பானுக்கு முதன்முறையாக இப்படமே பெற்றுத் தந்தது என்பதும் பெருமைக்குரியவை. ஆயினும் என் மனத்தில் நிற்பது, இறுதிப் போராட்டத்துக்கு முன்னால் விஞ்ஞானி நோடா பேசும் பேச்சு. மெல்லிய கவசம் பூண்ட பீரங்கி வண்டிகள், பட்டினியில் மாண்ட வீரர்கள், உயிர் தப்ப வழியில்லாத போர் விமானங்கள் என்று அடுக்கி, இந்த நாடு மனித உயிரை மிக மலிவாகக் கருதிவிட்டது என்கிறார் அவர். இம்முறை ஒருவரும் சாகக்கூடாது என்று வேண்டுகிறார். ஒரு ராட்சத விலங்கைப் பற்றிய படத்தில் இப்படியொரு பேச்சு இருக்கிறது என்பதே, இத்தொடரைக் குழந்தைகளின் வேடிக்கை என்று ஒதுக்குவோருக்கு என் பதில்.

அதே யமஸாகிதான் புதிய படத்தையும் எழுதி இயக்குகிறார். முந்தைய படத்தின் கடைசியில், உயிரோடு மீண்டுவந்த நொரிகோவின் கழுத்தில் ஒரு கரிய தழும்பு ஊர்ந்து ஏறுகிறது. விலங்கு மடிந்தாலும் அதன் நஞ்சு மனித உடலில் தங்கிவிடுகிறது என்ற அந்தக் குறிப்பை அவர் கைவிடமாட்டார் என்று நம்புகிறேன். குண்டுவீச்சில் பிழைத்தவர்கள் பல ஆண்டுகள் நோயோடும், திருமணச் சந்தையிலும் வேலையிலும் ஒதுக்கப்பட்ட அவமானத்தோடும் வாழ்ந்த வரலாறு ஜப்பானுக்கு உண்டு. அதைத் தொடுவதற்கு இதைவிடப் பொருத்தமான கதை அமையாது. காட்ஸில்லாவைப் புதிய எதிரி விலங்குகளோடு மோதவிட்ட 1960-களின், 1970-களின் படங்களையும் நான் ரசித்தவன்தான். ஆனால் இம்முறை மோதல் பெரிதாகி மனிதர்கள் சிறுத்துவிடக் கூடாது.

இனி என் வேண்டுகோள். என்னைப் போன்றோர் முந்தைய படத்தைப் பார்த்தது 2024 ஜூனில் அது நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு, வீட்டுத் தொலைக்காட்சியில்தான். 1954-இல் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் டபுள் பாஸ் வாத்தியத்தின் தளர்த்திய தந்தியை உராய்ந்து உருவாக்கிய அந்த உறுமலை, 'மைனஸ் ஒன்' குழுவினர் ஒரு பேஸ்பால் மைதானத்தின் ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அத்தகைய ஒலியைத் திரையரங்கில் கேட்பதே முறை. ஹாலிவுட் காட்ஸில்லா படங்கள் தமிழ்க் குரலில் இங்கே உடனுக்குடன் வருகின்றன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமே படமும் தமிழில் திரையரங்குகளுக்கு வந்தது. ஆகவே பார்வையாளர்கள் இல்லை என்று தயங்கத் தேவையில்லை. தமிழ்க் குரல் பதிப்பு வரட்டும், அது குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வேண்டும். அதோடு சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நகரங்களிலாவது நாளொன்றுக்கு ஒரு காட்சி, ஜப்பானிய மொழியிலேயே தமிழ் சப்டைட்டிலுடன், நீளத்தில் ஒரு நிமிடமும் குறைக்கப்படாமல் திரையிடப்பட வேண்டும் என்று விநியோகஸ்தர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மதுரை.