கிளினிக் கொப்பியில் ஒரு வரி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினருக்கும் வட மாகாண சுகாதார சேவைகள் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம். வன்னியில் விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். கார்பமசபீன் என்ற மருந்தைத் தொடங்க முன் ஒரு மரபணுப் பரிசோதனை இங்கே வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2009 போரில் என் அண்ணாவின் தலையில் பட்ட செல் (எறிகணை) துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். சில வருடம் கழித்து வலிப்பு தொடங்கியது. கிளினிக்கில் கார்பமசபீன் குளிசை கொடுத்தார்கள். வலிப்புக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிற மருந்து, விலையும் குறைவு. கொடுத்தவர்களில் நான் பிழை சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது, வாய்க்குள் புண். வயலில் வெயிலுக்குள் நின்றதாக்கும் என்று இருந்துவிட்டோம். இரண்டு நாளில் நெஞ்சும் முதுகும் கொப்பளித்து, தொட்ட இடத்தில் தோல் கையோடு வந்தது. பாயில் ஒட்டுகிறது என்று அம்மா வளவுக்குள் போய் வாழைக் குருத்திலை வெட்டிக்கொண்டு வந்து, விரித்து, அதில் அண்ணாவைப் படுக்க வைத்தார். இலையை மாற்றும்போது அண்ணா கத்தவில்லை. கத்த வாயைத் திறக்க முடியவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரியில் ஐந்து கிழமை. உயிர் தப்பினார்.

இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் நோய்க்குறி என்று பெயர். யாருக்கு வரக்கூடும் என்று பல பேரில் முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்பதை வாசித்து அறிந்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கார்பமசபீனால் இப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பிறகு 23 ஆஸ்பத்திரிகளில் 4,877 பேரைக் குளிசை தொடங்க முன்னரே பரிசோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்கின்படி பத்துப் பேரளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. அந்த முடிவு 2011இல் வெளியானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007இலேயே எச்சரிக்கை கொடுத்திருந்தது. தெற்காசியரில் சராசரியாக நூற்றுக்கு 2 முதல் 4 பேரிடம் இந்த வகை இருப்பதாக அது சொல்கிறது. சிங்கப்பூரில் 2013இல் இருந்து ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்க முன் பரிசோதிப்பது நடைமுறை. அங்குள்ள இந்திய வம்சாவளியினரில் பெரும்பகுதி தமிழர்.

சரி, இந்தப் பரிசோதனை ஏன் குறிப்பாக வன்னிக்கு வேண்டும்? கார்பமசபீன் வலிப்புக்கு மட்டும் எழுதப்படுவதில்லை, நரம்பு நோவுக்கும் எழுதப்படுகிறது. தலையில் செல் பட்டவர்கள், முதுகில் துண்டோடு வாழ்கிறவர்கள், காலை இழந்த பிறகும் இல்லாத காலில் நோ என்று இரவில் எழுந்து இருக்கிறவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். 2015இல் முடிந்த ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுக்கள் வாசிக்கப்பட்டன. அதில் இலங்கைத் தமிழரும் நூறு பேரளவில் இருக்கிறார்கள். ஆனால் பட்டியலில் அவர்களின் பெயர், பிரித்தானியாவில் உள்ள இலங்கைத் தமிழர். இங்கே இருப்பவர்களிடம் எடுத்ததல்ல. அவர்களும் எங்கள் சனம்தான், அந்தத் தரவு பெரிய உதவி. என்றாலும் வன்னி அப்படியே அதற்குள் இல்லை. 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மச்சான் மச்சாளுக்குள்ளேயே கலியாணம் செய்த பழைய கிராமங்கள் இருக்கின்றன. ஒரு ஊரில் அரிதாக இருக்கிற மரபணு வகை அடுத்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கலாம். 15:02 இல்லாதவர்களுக்கும் தோல் உரிவதுண்டு. ஐரோப்பியரில் எச்எல்ஏ-ஏ*31:01 என்ற வேறொரு வகையும் இதனோடு தொடர்புபட்டிருக்கிறது. எங்களில் எது எவ்வளவு என்பதை இங்கே எண்ணினால்தான் தெரியும்.

பெரிய மரபணு ஆய்வுகூடம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. 15:02 ஒன்றை மட்டும் பார்க்க, மரபணுவின் ஒரு துண்டைப் பல மடங்காக்கிப் பார்க்கிற பிசிஆர் முறையே போதும். 2020இல் கொரோனா வந்தபோது மருத்துவ பீடத்திலேயே பிசிஆர் செய்து காட்டினீர்கள். ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், முடிவு மாறாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு கிளினிக்குகளில் இந்தக் குளிசையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களோடு ஆரம்பியுங்கள்.

முடிவை நோயாளியின் கையில் கொடுங்கள். தாய்லாந்தில் சிறிய அட்டையாகக் கொடுக்கிறார்கள், சட்டைப் பைக்குள் வைக்கலாம். இதை நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணா வீடு வந்தபோது ஒரு தாதி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் மருந்தின் பெயரை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுத் தந்தா. அந்தக் கொப்பி முடிந்து புதுக்கொப்பி வந்தது. சிவப்பு வரி அதற்குள் வரவில்லை. அடுத்த வருடம் வேறொரு இடத்தில் முக நரம்பு நோவுக்கு அதே மருந்தை மறுபடி எழுதினார்கள். குளிசைப் பையில் இருந்த பெயரை நான் எழுத்துக்கூட்டி வாசித்ததால் தப்பினோம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாத வீடாக இருந்திருந்தால்?

அதோடு, இரத்தம் எடுக்கும்போது எதற்கு என்று தமிழில், ஆறுதலாக, வீட்டாரும் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். இங்குள்ள சனம் முகாமிலும் சோதனைச் சாவடியிலும் எத்தனையோ பேரிடம் பெயரும் விலாசமும் கொடுத்துக் களைத்தவர்கள். மரபணு விவரம் பிள்ளைகளையும் சகோதரர்களையும் பற்றியும் பேசும். அது மருத்துவத்தைத் தாண்டி எந்த அலுவலகத்துக்கும் போகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். வேண்டாம் என்பவருக்கும் அதே கவனிப்பு கிடைக்க வேண்டும்.

அண்ணாவுக்கு அந்த வகை இருக்கிறதா என்று இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள், அவருக்கு ஒரு மகள். நீங்கள் தொடங்கும் நாளில் முதல் ஆளாகக் கை நீட்ட அண்ணா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய கொப்பியையும் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
விசுவமடுவில் இருந்து ஒரு தங்கை