ரத்தம் தந்தவர்களுக்கும் அதைக் காத்தவர்களுக்கும்

அன்புடையீர்,

கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ளவர்களின் ரத்தத்தில், குடலின் நிலையையும் நோய் எதிர்ப்பு அணுக்களின் கிளர்ச்சியையும் காட்டும் புரதங்களை அளந்து நான் செய்துவந்த பட்ட மேற்படிப்பு ஆய்வு இந்த மாதத்தோடு நிறைவடைகிறது. உதவியவர்களுக்கு இம்மடலின் வழியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி, வெறும் வயிற்றோடு காலை ஆறு மணிக்குக் காத்திருந்த நோயாளிகளுக்கு. அவர்களுள் ஒருவர், கொத்தனார், "வயித்துக் கோளாறுன்னு சொல்லிட்டுக் கையில குத்துறீங்களே தம்பி?" என்று கேட்டார். குடலிலிருந்து திரும்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்கே வருகிறது. கல்லீரல் பெறும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதுதான். அதில் கலந்துவரும் பாக்டீரியாச் சிதைவுகளைக் கல்லீரலில் காவலிருக்கும் குப்ஃபர் அணுக்கள் விழுங்கிவிடும். சிரோசிஸில் குடற்சுவர் தளர்கிறது; ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமல் பக்கவழியில் போய்விடுகிறது. அப்படித் தப்பிய எண்டோடாக்சின் என்னும் பாக்டீரியாச் சிதைவு எதிர்ப்பு அணுக்களைச் சீண்ட, அவை தம் மேற்பரப்பிலிருந்து சிடி14, சிடி163 என்னும் புரதங்களை உதிர்க்கின்றன. அவற்றைக் கையின் சிரையிலேயே அளக்கலாம். இதைச் சொன்னதும், "சல்லடை கிழிஞ்சா பூச்சுல கல்லு வரும்னு சொல்றீங்க" என்றார்.

இந்நோயில் நெடுநேரப் பட்டினி தசையைக் கரைக்கும் என்பதால், படுக்கும் முன் சிற்றுண்டியும் ஊசி எடுத்தவுடன் காலை உணவும் கிடைத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற உணவியல் நிபுணருக்கு நன்றி.

எண்டோடாக்சினை அளப்பது தனி வம்பு. ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனில் 121 டிகிரியில் வைத்தெடுத்த கண்ணாடிக் குழாய்களே போதும் என்றிருந்தேன். "கிருமி சாகும், அதோட குப்பை போகாது" என்று சொல்லி, 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்கக் கற்றுத்தந்தவர் ஆய்வகத்து அக்கா. அதற்குள் முதல் வார மாதிரிகள் வீணாகியிருந்தன. தவறு முழுக்க என்னுடையது. மறுபடி ஊசி குத்திக்கொண்டவர்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன்.

எண்களை அப்படியே நம்ப விடாத உயிர்வேதியியல் பேராசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். குடற்செல் சேதத்தைக் காட்டும் ஐ-எஃப்ஏபிபி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது கூடுதலாகத் தோன்றலாம். எண்டோடாக்சினோடு ஒட்டிக்கொள்ளும் எல்பிபி என்னும் புரதத்தைக் கல்லீரலே தயாரிப்பதால், மிகவும் நலிந்த கல்லீரலில் அது குறைந்து ஏமாற்றலாம். பக்கத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் கல்லீரலின் நிலையைக் காட்டும் அல்புமினும் எழுதாத அட்டவணையை அவர் திருப்பியே பார்க்க மாட்டார்.

இந்த அளவுகள் இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. என் ஆய்வின் எண்களைப் பார்த்து எவருடைய மருந்தும் மாற்றப்படவில்லை. ஒப்புதல் படிவத்தில் அந்த வரியை உரக்கப் படித்துக் காட்டிய பிறகும் கையை நீட்டினார்கள். ஆய்வு முடிவதற்குள் மறைந்துவிட்ட சிலரின் குடும்பத்தார் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்கள் தந்த ரத்தம் பெயரின்றி, எண் மட்டும் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஆய்வு மாணவன்