அரைச் சுண்டு அரிசி

அன்பு மகளுக்கு,

வயல் வட்டையில் நெல் வெட்டு முடிந்துவிட்டது. கடைசி மழையில் கீழ்ப்பக்க வரவை இரண்டும் சாய்ந்துபோயின. மெசின்காரன் சாய்ந்த நெல்லுக்குக் கூடுதல் காசு கேட்டான், கொடுத்தோம். அப்பாவின் முழங்கால் நோவு முந்தினதை விடக் குறைவு. இதெல்லாம் தம்பி போனில் சொல்லியிருப்பான்.

இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தால் படம் எடுத்து அந்த நிமிடமே உனக்கு அனுப்பிவிடுவான். ஆனால் வாசிக்காமல் அனுப்பமாட்டான். அதனால் நானே கொக்கட்டிச்சோலைக்குப் போய் தபால் கந்தோரில் போடப் போகிறேன். பிந்தினாலும் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு மகள்.

போன பூரணைக்கு நீ பேசினாயே, அன்றைக்குச் சமைத்தாயா என்று கேட்டேன். சோறு வைத்தேன் என்றாய். எவ்வளவு அரிசி போட்டாய் என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். "அரைச் சுண்டு" என்றாய். பிறகு உடனே மாடு கன்று போட்டதா என்று கேட்டாய். கன்று போட்டதை நான் உனக்கு முதல் கிழமையே சொல்லியிருந்தேன்.

மருமகனுக்கு இரண்டு சுண்டு போட்டாலும் காணாது அம்மா என்று சிரித்தவள் நீதான். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவாய், நான் உன் முகத்தையும் உன் கையையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்போது நாலு மாதமாகக் குரல் மட்டும்தான். ஒரே ஒரு நாள் படம் வந்தது. பின்னால் இருந்த சுவர் வேறு சுவராக இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீ அனுப்பிய காசில் அத்திவாரம் போட்டாயிற்று. 2011 தை மாத வெள்ளத்தில் தண்ணீர் நின்ற அடையாளம் பழைய சுவரில் இன்னும் இருக்கிறதுதானே, அதற்கு மேலே ஒரு முழம் உயர்த்தச் சொன்னேன். குசினியை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து மாபிள் பதித்து காஸ் அடுப்பு வைப்போம், இப்போது ஒருவரும் வெளியே குசினி கட்டுவதில்லை என்று மேசன் சொல்கிறார். நீயும் அப்படித்தான் சொன்னாய். நான் இரண்டு பேர் சொல்லையும் கேட்கவில்லை. கோபிக்காதே.

உள்ளே ஒரு காஸ் அடுப்பு இருக்கட்டும், தேத்தண்ணீர் போட நல்லதுதான். ஆனால் விறகடுப்புக் குசினி கிணற்றடிப் பக்கம் தனியாக இருக்கும். 2022 இல் காஸ் இல்லாமல் போனபோது புதுவீட்டுக்காரர் எத்தனை பேர் பானையோடு நம்முடைய அடுப்புக்கு வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். அடுப்புக்கு மேலே புகை படுகிற இடம் இல்லாவிட்டால் புளியை எங்கே வைப்பது? விதைப் பயறு, சுங்கான் கருவாடு எல்லாம் எங்கே தொங்கும்? அம்மம்மா காலத்தில் வைக்கோல் கூரைக்குத் தீப்பிடிக்கும் என்று பயந்துதான் குசினியைத் தள்ளிக் கட்டினார்கள். இப்போது ஓடு, அந்தப் பயம் இல்லை. ஆனாலும் விரால் மீன் ஆணம் கொதிக்கிற வாசம் படுக்கிற அறைக்குள் வரக்கூடாது.

78 சூறாவளியில் கூரை பறந்து மண்சுவர் எல்லாம் கரைந்து கிடந்தபோது அம்மம்மா முதலில் செய்தது அடுப்புத்தான். புற்றுமண் வெட்டிக் குழைத்து, நனைந்த விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சினா. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 2011 இல் நான் திண்ணையில் மூன்று கல்லை வைத்துச் சமைக்க, நீ குடை பிடித்துக்கொண்டு நின்றாய். உனக்கும் அது மறக்காது.

திண்ணை வேண்டாம், மோட்டார் சைக்கிள் விடப் போட்டிக்கோ வைப்போம் என்கிறான் தம்பி. திண்ணை இல்லாமல் ஒரு வீடா? மத்தியானம் சமைத்து முடித்துவிட்டு பன்பாய் இழைத்துக்கொண்டு ஒரு பாக்குக் கடிக்க நாம் எங்கே இருப்போம்? சித்திரைக்கு மாமரத்தில் ஊஞ்சல் போட்டால் திண்ணையில் இருந்து பார்க்கத்தான் நன்றாக இருக்கும். இந்த வருடம் கூத்துப் பழக்கமும் தொடங்கிவிட்டார்கள். அப்பாவால் இனி ஆட முடியாது, களரிக்குப் போய் இருந்து தொடையில் தாளம் போட்டுவிட்டு வருகிறார். விடியும் வரை என் மடியில் தலைவைத்துக் கூத்துப் பார்ப்பாய், அவர் வரவு ஆடும்போது மட்டும் எழும்பி உட்காருவாய்.

பாலம் இல்லாத காலத்தில் விடியற்காலையில் மண்முனைத் துறையில் பாதைப் படகில் ஏறி வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவள் நீ. எங்கள் குடியில் முதல் பட்டதாரி. அதை இன்றைக்கும் கிணற்றடியில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவ்வளவு படித்த பிள்ளைக்கு அம்மாவிடம் ஒரு சொல் சொல்ல வரவில்லையா?

இல்லை, அந்தச் சொல்லை நான்தான் வரவிடாமல் செய்தேன்.

2016 இல் நீ வெள்ளவத்தையில் இருந்து ஒரே ஒரு பையோடு வந்தாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் நீ தேங்காய் துருவும்போது சட்டைக் கை மேலே ஏறியது, கண்டேன். எண்ணெய் தெறித்ததா மகள் என்று கேட்டேன். நீ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாய், பிறகு ஓம் என்றாய். எண்ணெய் பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவள். நம்பிய மாதிரி இருந்துவிட்டேன். நாலாம் நாள் கிணற்றடியில் இரண்டு பேர், மகள் இன்னும் போகவில்லையா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாய்ப் போயிற்று. "பிள்ளை நிக்கட்டும்" என்று அப்பா சொன்னார், நான் அவரோடு சண்டை பிடித்தேன். கருவாடு பொரித்து, மா வறுத்து, தயிர் முட்டி கட்டி உன்னைக் கோச்சி ஏற்றிவிட்டேன். மருமகனுக்கு தயிர் விருப்பம் என்று சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் இருந்தாய், திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் தயிர் முட்டியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை மகள்.

நம்முடைய ஊரில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அம்மம்மா எனக்குத் தந்தா, நான் உனக்கு எழுதினேன். உறுதி உன் பேரில் இருக்கிறது, உன் பேரில் மட்டும். அன்றைக்கு நான் உன்னை அனுப்பியது உன்னுடைய வீட்டில் இருந்து.

புது வீட்டில் கிணற்றடிப் பக்கம் ஒரு அறை வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு கதவு, வெளியே திறக்கிற மாதிரி. மண்டபத்துக்குள் வராமலே குசினிக்கு வரலாம், குளிக்கப் போகலாம். யார் வந்து திண்ணையில் இருந்தாலும் அறையில் இருக்கிற ஆளைப் பார்க்கவேண்டிய தேவை இல்லை. ஏன் இந்தக் கதவு என்று அப்பா ஒரு தரம் கேட்டார். பிறகு அவரே போய் முதிரைப் பலகைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு. அரைச் சுண்டு ஒரு ஆளுக்கும் காணாது, முக்கால் சுண்டாவது போடு. மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வை, காலையில் வெங்காயத்தோடு சாப்பிடலாம்.

அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று மேசன் கேட்கிறார். கிழக்கே வைத்தால் விடிய வெயில் வரும், தெற்கே வைத்தால் வட்டை தெரியும். இருக்கப் போகிறவள் சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சித்திரைக்கு முன் நிலை வைக்கவேண்டும். எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்.

அம்மா